சின்னப் பிள்ளைகளோடு சிற்றூருக்குக் குடிபோவது: போனவர்கள், திரும்பியவர்கள் சொல்லுங்கள்

தூக்கம்தொலைத்தவள்:
வணக்கம். இங்கே வெகுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், முதல்முறை எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூத்தவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 3. மாநகரத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். போன மாதம் நான்கு நாள் லீவில் ஒரு சிற்றூருக்குப் போய் வந்தோம். மலையடிவாரம், ஊரை ஒட்டியே ஆறு, காட்டுக்குள் நடைபாதைகள், பிள்ளைகள் தாங்களாகவே சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். ஆற்றங்கரையில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் பையனின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பக்கத்தில் இருந்தவரோடு விட்ட பேச்சைத் தொடர்ந்தார். எனக்கு என்னவோ அழுகை வந்துவிட்டது. இங்கே எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட ஏழு வருடமாக எனக்குத் தெரியாது.

கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை, எனக்குப் பாதி நாள் வேலை, அதையும் எங்கிருந்தும் செய்யலாம். ஆனால் அவர், "நான்கு நாள் பார்த்துவிட்டு நாற்பது வருடத்தை முடிவு செய்யாதே" என்கிறார். சிறு பிள்ளைகளோடு இப்படிப் போனவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். நல்லதை மட்டும் சொல்பவர்கள் எனக்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மழைக்கோட்டு:
போய் ஏழு வருடம் ஆகிறது. போகும்போது பெரியவனுக்கு 5, சின்னவளுக்கு ஒன்றரை. திரும்பிப் போகிற எண்ணம் இல்லை, ஆனால் முதல் ஒன்றரை வருடம் நான் தினமும் அந்த எண்ணத்தோடுதான் எழுந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது லீவு ஊர். அதே ஊருக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது மழையிலோ குளிரிலோ, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குத் தெரியும். அந்தப் பருவத்தில் போய் குறைந்தது இரண்டு வாரம் இருங்கள். சுற்றிப் பார்க்காதீர்கள், சும்மா வாழுங்கள், அதாவது பால் வாங்குங்கள், துணி காயப்போடுங்கள், அவர் வேலை பார்க்கட்டும், காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று ஒருமுறை நடந்தே பாருங்கள். நாங்கள் போன முதல் மழைக்காலத்தில் பதினோரு நாள் வானம் வெளுக்கவே இல்லை. வீட்டில் இருந்த நாலு ஜோடி ஷூவும் ஈரம். இரவில் பழைய பேப்பரைச் சுருட்டி ஷூவுக்குள் திணிப்பேன், காலையில் எடுத்தால் பேப்பர் கூழாகியிருக்கும், ஷூ அப்படியே இருக்கும். இப்போது அது சிரிப்பு. அப்போது மனைவிக்கும் எனக்கும் நடந்த பெரிய சண்டைகளில் பாதி அந்த ஷூ அலமாரிக்கு முன்னால்தான் நடந்தன.

இன்னொன்று. மலையூர் என்கிறீர்கள், உயரம் பாருங்கள். ஏறத்தாழ 1000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குளிர் கூடும், அதோடு புற ஊதாக் கதிரும் 10 சதவீத அளவுக்குக் கூடும். குளுகுளுவென்று இருக்கிறதே என்று தொப்பி போடாமல் விட்டு, சின்னவளின் மூக்கு உரிந்துபோனது எங்கள் முதல் பாடம்.

கிணற்றுத்தவளை:
நான் அப்படி ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தவன், பதினெட்டு வயதில் ஓடி வந்தவன், அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன்.

முன்பின் தெரியாத அம்மா மூக்கைத் துடைத்தார் என்று உருகுகிறீர்களே, அதே அம்மா பத்து வருடம் கழித்து, "உங்கள் பெண்ணைப் பாலத்துக்குப் பக்கத்தில் யாரோடோ பார்த்தேன்" என்றும் சொல்வார். இரண்டும் ஒரே கைதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மாநகரத்தில் ஒருவரோடு மனஸ்தாபம் என்றால் அந்தத் தெரு வழியாகப் போகாமல் இருந்துவிடலாம். அங்கே, சண்டை போட்டவர்தான் உங்கள் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர், அவர் தம்பிதான் பிளம்பர், அவர் மனைவிதான் வகுப்பாசிரியை. தப்பிக்க இடம் கிடையாது.

தூக்கம்தொலைத்தவள்:
இது கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருப்பதும் எனக்குப் பயம்தான்.

சக்கரம்:
போய், இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவர்கள் கட்சி. ஊர் மேல் தப்பில்லை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் நடக்கும் என்பதில்லை.

வீட்டில் ஒரே வண்டி, கணவர்தான் ஓட்டுவார். அவருக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பேச ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள், வார இறுதியில் மலையேற ஒரு கும்பல் கிடைத்தது. எனக்கு? இரண்டு வயதுக் குழந்தை, ஈரத் துணி, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அழகான மலை. ஒரு கட்டத்தில் அந்த மலையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எல்லோரும் சிரித்துப் பேசினார்கள், கை அசைத்தார்கள், ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார ஒருவரும் இல்லை. அவர்களுக்கெல்லாம் முப்பது வருட சிநேகிதம் ஏற்கெனவே இருந்தது, புதிதாக ஒருத்திக்கு அதில் காலியிடம் இல்லை. கெட்டவர்கள் இல்லை, நிறைந்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் உடைந்துபோனதை முதலில் கவனித்தது என் தங்கை, அதுவும் தொலைபேசியில்.

தோழி, முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் பகல் முழுக்க அந்த ஊரில் உண்மையாக வாழப்போவது யார்? அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தையாக இருக்கட்டும்.

மழைக்கோட்டு:
சக்கரம் சொன்னதை நானும் பார்த்திருக்கிறேன். என் மனைவி கிட்டத்தட்ட அந்த நிலைக்குப் போய் வந்தாள்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் அதில் கேட்டிருக்கிறார்கள். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் கூட இருக்க வேண்டும், நண்பராக 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். வேலையிடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் வராது, சும்மா சேர்ந்து பொழுதுபோக்கிய நேரம்தான் வேலை செய்யும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரைப் பார்த்தால் 200-ஐத் தொட இரண்டு வருடம் ஆகும். சக்கரம் இரண்டு வருடத்தில் திரும்பினார். குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கணக்கு யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு சலிப்பான வேலை. பொது நூலகத்தில் சனிக்கிழமை காலை, திருப்பிக் கொடுத்த குழந்தைப் புத்தகங்களைத் துடைத்து அடுக்க ஆள் வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். மனைவி போனாள். எல்லாப் புத்தகமும் ஜாம் பிசுபிசுப்பு, ஒன்றில் யாரோ பல்லை வைத்திருந்தார்கள், நிஜப் பால்பல். யாருடைய பல் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது, அந்த மூன்று வாரத்தில் அவளுக்கு ஊர் பாதி தெரிந்துவிட்டது. விருந்து, கூட்டம் இதிலெல்லாம் ஒட்டிக்கொள்ள முடியவில்லை. வாராவாரம் ஒரே நேரத்தில், ஒரே ஆட்களோடு, கைக்கு ஏதாவது வேலை இருந்தபோதுதான் ஒட்டியது.

அரைக்கண்ணாடி:
கண் பரிசோதனை என் தொழில். வெளியில் விளையாடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

கிட்டப்பார்வை விஷயத்தில் வெளியில் இருக்கும் நேரத்துக்கு நிஜமான மதிப்பு உண்டு. சீனாவின் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்துப் பார்த்தார்கள், 2015-இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை, வெளியில் போனவர்களில் 30.4. தைவானில் 2010 முதல் ஒரு நாளுக்கு 120 நிமிடம் என்று பள்ளிகளுக்கே இலக்கு வைத்திருக்கிறார்கள். மூலகாரணம் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், வகுப்பறையில் சில நூறு லக்ஸ் இருக்கும், வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, கண்விழி நீளமாக வளர்ந்து கிட்டப்பார்வை வருவதை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வையை இது போக்காது.

ஆனால் ஒன்று கேளுங்கள், இதற்கு மலை தேவையில்லை. உங்கள் கட்டடத்தின் கீழே இருக்கிற மொட்டைத் திடலே போதும். மலைக்குப் போயும் பிள்ளைகள் காரிலேயே பள்ளிக்குப் போய்க் காரிலேயே வந்தால் ஒரு பயனும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் இருக்கிறது.

கிணற்றுத்தவளை:
அரைக்கண்ணாடி சொன்னதற்கு ஒரு ஓ போடுங்கள்.

தூக்கம்தொலைத்தவள்:
கீழே இருக்கிற திடல் பார்க்கிங் ஆகி மூன்று வருடம் ஆகிறது. சரி, அது வேறு கதை.

நான்காம்வீடு:
சிறுவயதில் நான்கு முறை ஊர் மாற்றப்பட்டவள். வயதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மூன்றும் ஆறும் நல்ல வயது. எனக்கு மிக வலித்த மாற்றம் பதின்மூன்றாவது வயதில் நடந்தது. இது என் ஒருத்தியின் புலம்பல் இல்லை. டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்தவர்களைப் பதிவேடுகள் வழியாகப் பின்தொடர்ந்து 2016-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பதினைந்து வயதுக்குள் ஊர் மாறியவர்களுக்குப் பின்னாளில் வரும் சிக்கல்களைப் பார்த்தார்கள். 12 முதல் 14 வயதுக்குள் மாறியவர்களுக்குத்தான் அபாயம் அதிகம், அதுவும் ஒரே வருடத்தில் பலமுறை மாறியவர்களுக்கு இன்னும் அதிகம். மாறியதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, அடிக்கடி மாறுகிற குடும்பத்தில் வேறு கஷ்டங்களும் இருக்கும். ஆனாலும் போவதென்றால் இப்போது போங்கள், "பெரியவள் நடுநிலைப் பள்ளி போகட்டும்" என்று தள்ளாதீர்கள். போய்ப் பிடிக்கவில்லை என்றால் திரும்புவதையும் தள்ளாதீர்கள்.

பள்ளிக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: அவள் வகுப்பில் அவள் வயதில் எத்தனை பேர்? நான் படித்த ஒரு சின்னப் பள்ளியில் என் வயதுப் பெண்கள் மொத்தம் இரண்டு. ஒருத்தி நான். மற்றவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவ்வளவுதான்.

ஈரக்கால்:
தண்ணீரைப் பற்றி. நான் முதலுதவி கற்றுக்கொடுப்பவள்.

ஊரை ஒட்டியே ஆறு என்கிறீர்கள், மூன்று வயதுப் பையன் என்கிறீர்கள். உலக அளவில் மூழ்கிச் சாவதில் 1 முதல் 4 வயதுக்குழந்தைகளின் விகிதம்தான் அதிகம். மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? நிமிர்ந்த நிலையில் வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாலு பெரியவர்கள் கரையில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் ஆளில்லாமல் போகிறது, ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: "இப்போதிலிருந்து நீ பார்க்கிறாய்." அந்த வயதுக்குக் கைக்கெட்டும் தூரம்தான் கணக்கு, கண்ணுக்கெட்டும் தூரம் இல்லை. மலையாறு என்றால் இன்னொன்றும் உண்டு, உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கீழே வந்து சேரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

வீட்டுக்குச் சொந்தக் கிணறு அல்லது போர் என்றால் குடிபோகும் முன் தண்ணீரைச் சோதியுங்கள், கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும். உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆனால் கைக்குழந்தையோடு யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: உரம் போட்ட வயலுக்குப் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் ஏறும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்தால் ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோக முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம்.

தூக்கம்தொலைத்தவள்:
இதையெல்லாம் அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன். அவர் படித்துவிட்டு, "இவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருந்தால் அங்கே போகலாம்" என்றார்.

கிணற்றுத்தவளை:
உங்கள் கணவரைப் பிடித்துவிட்டது. அதனால் இரண்டு உபகாரம் செய்கிறேன்.

ஒன்று, வார நாளில் இரவு எட்டு மணிக்கு, நீங்கள் வீடு பார்க்கும் தெருவில் நடந்து பாருங்கள், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். அழகான ஊர்களில் பாதி வீடு விடுமுறைக்காரர்கள் வாங்கிப் போட்டதாக இருக்கும். வெள்ளிக்கிழமை கலகலவென்று இருக்கும், திங்கட்கிழமை இருட்டு. அங்கே குடியிருக்கிறவர்களுக்கு வாடகை வீடு கிடைக்காது, ஆசிரியருக்கும் நர்ஸுக்கும்கூடக் கிடைக்காது, ஆள் நிலைக்காது.

இரண்டு, அறிவிப்புப் பலகை. நூலகத்திலோ கடையிலோ ஒன்று இருக்கும். அதில் தேதிகளைப் பாருங்கள், போன வருடச் சீட்டு வெளுத்துப்போய்த் தொங்கினால் ஊர் ஒற்றுமை என்பது பேச்சுக்குத்தான். அதைவிட முக்கியம், அடியில் இருக்கிற தொலைபேசி எண்கள். பாட்டு வகுப்பு, ஆற்றைச் சுத்தம் செய்வது, தொலைந்த பூனை, பிள்ளைகள் நடைக்குழு என்று எல்லாச் சீட்டிலும் ஒரே எண் இருந்தால் அங்கே சமூகம் இல்லை, பாவப்பட்ட ஒரே ஒரு மனுஷி இருக்கிறாள், அவளுக்கு முதுகுவலி வந்தால் எல்லாம் நின்றுவிடும். எங்கள் ஊரில் அந்த மனுஷி என் அம்மா.

மழைக்கோட்டு:
தவளை, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

கிணற்றுத்தவளை:
எது, அம்மாவைப் பற்றியா? யாரும் கேட்கவில்லை.

தூக்கம்தொலைத்தவள்:
ஐந்து மாதம் கழித்து வருகிறேன், இழை இன்னும் பூட்டப்படவில்லை, நல்லது.

மழையில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தோம். சொன்னதெல்லாம் நடந்தது. ஷூ காயவில்லை. ஆறாம் நாள் மின்சாரம் போய், அவருடைய முக்கியமான மீட்டிங் பாதியில் அறுந்தது. கிளினிக் வாரத்தில் இரண்டு நாள்தான், குழந்தை மருத்துவர் ஒரு மணி நேரப் பயணம். பையன் மலை ஏறுவான் என்று நினைத்தேன், அவன் நடைபாதையின் வாசலிலேயே ஓர் எறும்புச்சாரைக்கு முன்னால் குந்திக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நகரவில்லை, நாங்கள் மூன்று வாரத்தில் ஒரு உச்சியும் பார்க்கவில்லை. மகள் வகுப்பில் அவள் வயதில் ஆறு பேர். நேரில் போய் எண்ணினேன், நான்காம்வீட்டுக்கு நன்றி.

விளக்கு எண்ணினோம். இருபத்துமூன்று வீட்டில் பதினெட்டு. அறிவிப்புப் பலகையில் ஒன்பது சீட்டு, ஏழு எண்.

இரண்டாம் வாரம் பையனின் இடது ஷூ காட்டுக்குள் தொலைந்தது. சேற்றில் மாட்டியிருக்கும், அவனைத் தூக்கிக்கொண்டு வந்ததில் நாங்கள் கவனிக்கவில்லை. போனது போனது என்று விட்டுவிட்டோம், யாரிடமும் சொல்லவும் இல்லை. நான்காம் நாள் காலையில் நூலகத்துக்குப் போனால், வாசல் வேலிக் கம்பத்தின் தலையில் அந்த ஷூ கவிழ்த்து மாட்டியிருக்கிறது. சேறு கழுவி, உள்ளே பழைய பேப்பர் திணித்து. யார் என்று கேட்டேன், உள்ளே இருந்தவருக்குத் தெரியவில்லை, "யாராவது வைத்திருப்பார்கள்" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் பேப்பரை வெளியே எடுத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இரண்டாவது முறை மாற்றித் திணித்திருக்கிறார்கள் போல.

அவர் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் காரை நிறுத்தி, வாடகைக்கு விடுபவருக்கு அவரே போன் செய்தார். ஒரு வருட ஒப்பந்தம்தான், இங்கே இருக்கிற வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விடுகிறோம். வண்டி ஓட்ட நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், சக்கரம், உங்களை நினைத்துத்தான்.

சக்கரம்:
இதைப் படித்ததும் போன் செய்து தங்கையிடம் சொன்னேன். லைசென்ஸ் வாங்கிவிட்டுப் போங்கள், போய் வாங்கலாம் என்று இருக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு மனசு சரியில்லை என்றால் இங்கே எழுதுங்கள், அந்த நேரத்தில் நான் எப்போதும் இருப்பேன்.

ஈரக்கால்:
லைஃப் ஜாக்கெட் அவன் எடைக்கு ஏற்றதா என்று பாருங்கள், கால்களுக்கு நடுவே ஒரு வார் இருக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் அது அவனுக்குப் பெரிது.

கிணற்றுத்தவளை:
பதினெட்டு விளக்கு பரவாயில்லை. ரப்பர் பூட்ஸ் வளர்வான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள், சேற்றில் கால் வரும், பூட்ஸ் வராது. அப்புறம் அந்தக் கம்பத்தில் அடுத்த முறை வேறு யாருடைய ஷூவாவது இருந்தால், பேப்பர் ஈரமா என்று பார்த்து மாற்றி வையுங்கள்.

தூக்கம்தொலைத்தவள்:
பழைய பேப்பர் கட்டு ஒன்று சாமானோடு ஏற்றியாகிவிட்டது. அவர்தான் கட்டினார்.